முதலைக்குப் பங்காளி யாருங்க?

ஜேடர்பாளையம் போயிருக்கீங்களா பாஸ்? காவிரி, படுகை அணை, பூங்கா, சுடச்சுட மீன் வறுவல்னு நாமக்கல் பக்கத்து காலேஜ் பசங்களோட சண்டே ஸ்பாட். சுத்துவட்டாரம் பூரா கோழிப்பண்ணைகள். அடுத்த முறை பைக்கை ஓரங்கட்டிட்டு ஒரு கோழியோட காலை உத்துப் பாருங்க. வரிவரியா செதில்!

இப்ப ஒரு கேள்வி. முதலைக்கு நெருங்கின சொந்தம் பல்லியா, கோழியா?

'பல்லி'ன்னு சொன்னா அவுட். கோழிதான் பங்காளி. சுமார் 25 கோடி வருஷத்துக்கு முன்னாடி ஒரே வம்சத்துல இருந்து முதலைக் கிளையும், டைனோசர் கிளையும் பிரிஞ்சது. அந்த டைனோசர் கிளையில இன்னிக்கும் உயிரோட இருக்கிறது பறவைகள் மட்டும்தான். பல்லி அதுக்கும் முன்னாடியே பாகம் பிரிச்சுட்டுப் போன தூரத்து உறவு.

'ஊர்வனவற்றுக்கு மூன்று அறை இதயம், முதலைக்கு மட்டும் நான்கு'ன்னு ஒரு மார்க்குக்காக மனப்பாடம் பண்ணியிருப்போம். அது ஏன் முதலைக்கு மட்டும்னு யாராவது கேட்டோமா? மேட்டரே அங்கதான் இருக்கு! கோழிக்கும் நாலு அறைதான்.

'நமக்கும் நாலுதானே, அப்ப நாமளும் பங்காளியா?'ன்னு மடக்காதீங்க. நம்ம வம்சம் 30 கோடி வருஷத்துக்கு முன்னாடியே தனிக்குடித்தனம் போய், நாலு அறையைத் தானே கட்டிக்கிச்சு. அதனால இதயத்தை மட்டும் வெச்சு சொந்தம் கொண்டாட முடியாது. எலும்பு, முட்டை, மரபணு எல்லாம் சாட்சி சொல்லணும். சொல்லுது. ரெண்டு குஞ்சும் பொரியறதுக்கு முன்னாடியே முட்டைக்குள்ள இருந்து குரல் கொடுக்கும். முதலைக் குட்டி கத்தினா அம்மா வந்து மண்ணைத் தோண்டும். (இன்குபேட்டர்ல கத்துற கோழிக்குஞ்சு பாவம்!) 2006-ல ஒரு மரபணு மாற்றம் கொண்ட கோழிக் கருவில் முதலைப் பல் மாதிரியே கூம்பு கூம்பாக பல் முளைச்சதை ஆய்வாளர்கள் கண்டுபிடிச்சாங்க. 2014-ல முதலைகளோட முழு மரபணுத் தொகுப்பும் இதே உறவைத்தான் உறுதி பண்ணுச்சு.

டைனோசர்னதும் ஹாலிவுட்டுக்கு ஓடாதீங்க. நாமக்கல்ல பஸ் ஏறி, திருச்சி வழியா அரியலூர் போனா கல்லமேடு. அங்க கிடைச்ச குட்டியூண்டு பல் ஒண்ணு, ட்ரூடான்டிட்ங்கிற டைனோசரோடதுன்னு 2013-ல அறிவிச்சாங்க. சுமார் 7 கோடி வருஷப் பழசு. பறவைகளுக்கு ரொம்ப நெருங்கின டைனோசர் கூட்டம் அது. அதாவது, நம்ம பண்ணைக் கோழியோட பெரியப்பா வீடு!

அதே கல்லமேட்டுல அதுக்கு முன்னாடி கிடைச்ச 'புருஹத்காயோசாரஸ்'ங்கிற ராட்சத டைனோசரோட எலும்புகள், பாதுகாக்க முடியாமப் பொடிஞ்சே போச்சு. இப்ப படமும் ஆய்வுக் கட்டுரையும்தான் மிச்சம். நல்லவேளை, பல் தப்பிச்சுது.