புளி போட்ட பாவம்

பரண் மேலிருந்து ஆச்சியின் வெற்றிலைச் செல்லத்தை இறக்கினேன். உள்ளே காய்ந்த பாக்கு இரண்டு, கன்னங்கரேலென்று ஒரு காசு. ஒரு பக்கம் சங்கு. வருஷம் 1112.

மைத்துனர் பார்த்துவிட்டு, "அத்தான், குலோத்துங்க சோழன் காலம்! கோடிக்குப் போகும்" என்றார். அவருடைய செல்போனுக்கு அப்படிச் செய்திகள் வந்துகொண்டே இருக்கும். பழைய காசு வாங்குகிறோம், முதலில் கமிஷன் கட்டு என்று தன் பெயரைச் சொல்லி ஏமாற்றுகிறார்கள் என ரிசர்வ் வங்கியே 2021-ல் எச்சரித்தது. மைத்துனர் அதைப் படிக்கவில்லை.

குலோத்துங்கனுமில்லை, கோடியுமில்லை. அது கொல்லம் ஆண்டு. 825-ஐக் கூட்டினால் 1937. திருவிதாங்கூர் அரை ரூபாய். ஆச்சி பிறந்தது செங்கோட்டை. 1956 நவம்பர் 1-ம் தேதி தமிழ்நாட்டோடு சேரும்வரை செங்கோட்டை மலையாளச் சீமைதான். வடகரைக்கு வாக்கப்பட்டு வந்தபோது முந்தானையில் முடிந்து கொண்டுவந்த காசு.

விற்பதென்றால் பளிச்சென்று இருக்க வேண்டாமா? புளி, அடுப்புச் சாம்பல், தேங்காய் நார். குத்துவிளக்கை விளக்குகிற மாதிரி அரை மணி நேரம் விளக்கினேன். காசு புது மாப்பிள்ளை மாதிரி மினுங்கியது.

திருநெல்வேலியில் ஒரு நாணயக் கண்காட்சிக்குக் கொண்டுபோனேன். கடைக்காரர் காசை ஓரத்தில் மட்டும் பிடித்து, லென்ஸ் வைத்துப் பார்த்தார். இழவு வீட்டுக்கு வந்தவர் மாதிரி என்னைப் பார்த்தார்.

"தேய்ச்சிட்டீங்களா அண்ணாச்சி?"

"லேசா."

"வெள்ளி எடைக்கு மேல அம்பது ரூபா தாரேன்."

காசின் கறுப்பு அழுக்கில்லையாம். எண்பது வருஷமாக வெள்ளி தானே போர்த்திக்கொண்ட தோலாம். தோலை உரித்தால் லென்ஸுக்கடியில் கோடு கோடாகத் தெரிகிறது.

நான் விடவில்லை. "அமெரிக்காவுக்கு அனுப்பி மார்க் போட்டு வாங்கினா?"

அதற்கென்றே அங்கே கம்பெனிகள் உண்டு. பி.சி.ஜி.எஸ். 1986-ல், என்.ஜி.சி. 1987-ல். ஒன்றிலிருந்து எழுபது வரை மார்க் போட்டு, பிளாஸ்டிக் பெட்டியில் சீல் வைத்துத் தருவார்கள். ஏன் நூறு இல்லை? 1949-ல் ஷெல்டன் என்பவர் அமெரிக்கச் செப்புக் காசுகளுக்குப் போட்ட கணக்கு அது. தேய்ந்துபோன காசு ஒரு டாலரென்றால், அதே காசு அப்பழுக்கில்லாமல் இருந்தால் எழுபது டாலர். விலை அப்புறம் எங்கேயோ போய்விட்டது. எழுபது மட்டும் நின்றுவிட்டது. அறுபதுக்கு மேல் வாங்க வேண்டுமானால் காசு கை மாறிப் புழங்கியே இருக்கக் கூடாது. அபூர்வக் காசில் 64-க்கும் 65-க்கும் நடுவே ஒரு ஸ்கூட்டர் விலை வித்தியாசம் வருவதுண்டு. வாங்குகிறவன் காசைப் பார்க்கிறானோ இல்லையோ, பெட்டி மேல் ஒட்டிய சீட்டைப் பார்க்கிறான்.

"உங்க காசுக்கு மார்க்கே போட மாட்டான். 'தேய்த்துக் கழுவியது'ன்னு எழுதி அனுப்புவான். கட்டணம், போக வர தபால், இன்ஷூரன்ஸ் எல்லாம் காசை விட ஜாஸ்தி. தேய்க்காம இருந்தாலுமே இந்தக் காசுக்கு அது கட்டாது அண்ணாச்சி. லட்சத்துல போற காசுக்குத்தான் அந்தச் செலவு."

விற்காமல் திரும்பினேன். பஸ்ஸில் அதைக் கையில் வைத்துப் பார்த்தேன். ஆச்சியின் சுண்ணாம்பு விரல் பட்ட கறுப்பு அத்தனையும் எங்கள் வீட்டு அங்கணக் குழியில் போயிருந்தது. வெறும் வெள்ளி.

வீட்டில் அம்மா, "என்னய்யா, வெல போகலியா?" என்றாள். சொன்னேன். கொஞ்ச நேரம் பேசாமல் இருந்துவிட்டு டிரங்குப் பெட்டியைத் திறந்து, மஞ்சள் துணி முடிச்சு ஒன்றை அவிழ்த்தாள். இன்னொரு 1112! அட்டைக் கறுப்பு.

"ஆச்சி ரெண்டுல்லா கொண்டாந்தா. இத நான் தேச்சுத் தரட்டுமா?"

பாய்ந்து பிடுங்கினேன், ஓரத்தில் பிடித்துத்தான். பிளாஸ்டிக் உறை வேண்டாம், காகிதம் நல்லது என்று கடைக்காரர் சொல்லியிருந்தார். கைக்கு அகப்பட்டது ஒரு மொய்க் கவர். அதில் போட்டு ஒட்டி பீரோவில் வைத்தேன்.

"ஏய்யா, அந்தக் கவர்ல ஒரு ரூவா ஒட்டியிருக்குமே, எடுத்துட்டியா?" என்றாள் அம்மா.