பட்டத்துடன் பதவியும் வேண்டும்

தென்கிழக்குப் பல்கலைக்கழகத்தின் பிரயோக விஞ்ஞான பீடம் நெல் விளையும் சம்மாந்துறையில் இயங்குகின்றது. அங்கு பயிலும் கல்முனைக் கரையோர உழவர்தம் பிள்ளைகளுக்கு மருத்துவ விஞ்ஞான முதுமாணிக் கல்வியின் வாயில் அகலத் திறக்கப்படல் வேண்டும் என்பது நமது கோரிக்கை.

மருத்துவரல்லாதோர்க்கு அத்துறையில் என்ன வேலை என்று வினவுவோர் உளர். புற்றுநோய்க்கான கதிர்ச்சிகிச்சையில் கதிரின் அளவைக் கணிப்பவர் பௌதிகவியல் கற்றவரன்றோ?

ஆயினும், இந்தியா தரும் பாடத்தை நாம் மறத்தலாகாது. அங்கு உடற்கூற்றியல், உடற்றொழிலியல் ஆகியவற்றில் முதுமாணிப் பட்டம் பெற்ற விஞ்ஞானப் பட்டதாரிகள் மருத்துவக் கல்லூரி ஆசிரியராயினர். அவர்க்குரிய பதவிகளின் உச்சவரம்பு 2020இல் 30 வீதத்திலிருந்து 15 வீதமாகக் குறைக்கப்பட்டது. கற்றவர் கலங்கினர்.

ஆதலின், பட்டத்தை வகுக்குமுன் அதற்குரிய பதவிகளை அரசாங்கம் சட்டத்தால் உறுதிசெய்தல் வேண்டும். பதவியற்ற பட்டம் நீர் பாயா வாய்க்காலே.