பொருத்தம் சரியானால் ஓட்டம், பிழையானால் வாட்டம்



ஆரல்வாய்மொழிக் கணவாய் வழியாக நாகர்கோவிலுக்குப் பேருந்தில் சென்றவர்கள் அந்தக் காட்சியை மறந்திருக்கமாட்டார்கள். கண்ணுக்கெட்டிய தூரம் காற்றாலைகள்! தென்மேற்குப் பருவக்காற்று மலைகளினூடே புகுந்து அவற்றின் இறக்கைகளைச் சுழற்றுகிறது. அங்கே பிறக்கும் மின்சாரம் எத்தனை கோபுரங்களைக் கடந்து வந்தாலும், கடைசியில் நம் வீட்டுச் சுவரில் மூன்று துளைகளின் முன்னே நின்றுவிடுகிறது. பிளக்கைச் செருகினால்தான் அது மிக்ஸிக்குள் நுழையும்.

அந்தப் பிளக்கின் மூன்று முனைகளில் ஒன்று மட்டும் தடித்தும் நீண்டும் இருப்பதைக் கவனித்திருப்பீர்கள். அது எர்த் முனை. மற்ற இரண்டிற்கும் முன்னதாகத் தொட வேண்டும், தவறாகச் செருக இடங்கொடுக்கக் கூடாது என்பதற்கே அந்த ஏற்பாடு. வடிவமே காவலாக நிற்கிறது.

இத்தகைய பிளக்கையும் சாக்கெட்டையும் மூலக்கூறுகளைக் கொண்டு செய்ய இயலுமா? ஒரு மில்லிமீட்டரைப் பத்து லட்சமாகக் கூறிட்டால் ஒரு கூறு ஒரு நானோமீட்டர். இந்தப் பிளக்கின் அளவு ஏதோ சில நானோமீட்டர்தான். கோடானுகோடி மூலக்கூறுகளை ஒவ்வொன்றாகக் கையால் பிடித்துச் செருகுவது நடவாத காரியம். எனவே, அவை தாமாகவே ஒன்றையொன்று நாடிப் பொருந்துமாறு வடிவமைக்க வேண்டும்.

அதற்கு வழி திறந்தவர் சார்லஸ் பெடர்சன். அமெரிக்காவின் டூபாண்ட் நிறுவனத்தில் பணியாற்றிய அவர், 1967இல் 'கிரவுன் ஈதர்' என்னும் வளைய மூலக்கூறுகளை உலகுக்கு அறிவித்தார். வளையத்திலுள்ள ஆக்ஸிஜன் அணுக்கள், அளவொத்த நேர்மின் அயனியை நடுவில் ஈர்த்து வைத்துக்கொள்ளும். இதற்காக 1987இல் அவருக்கு நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

அந்த வளையமே சாக்கெட் ஆயிற்று. இத்தாலியின் பொலோன்யா பல்கலைக்கழகத்து வின்சென்சோ பால்சானியும் சக ஆய்வாளர்களும் 1999இல் இத்தகைய இணைப்பொன்றை வெளியிட்டனர். கரைசலில் அமிலம் சேர்த்தால் பிளக் மூலக்கூறு நேர்மின்னேற்றம் பெற்று வளையத்துக்குள் புகுகிறது. காரம் சேர்த்தால் வெளியேறுகிறது. செருகிய நிலையில் சாக்கெட் பெற்ற ஒளியாற்றல் பிளக்குக்குத் தாவுகிறது. 2006இல் பால்சானி குழுவினரும் பிரேசர் ஸ்டோடார்ட் குழுவினரும் இணைந்து, மூன்று மூலக்கூறுகள் தாமே கோத்துக்கொள்ளும் ஒரு 'எக்ஸ்டென்ஷன் கேபிளை' உருவாக்கினர். ஒளி பட்டதும் முதல் உறுப்பிலிருந்து மூன்றாம் உறுப்புக்கு எலக்ட்ரான் சென்றது. மூலக்கூற்று இயந்திரங்களுக்காக 2016இல் நோபல் பரிசு பெற்ற மூவரில் ஸ்டோடார்ட்டும் ஒருவர். இதைக்கொண்டு விளக்கெரிக்க முடியாது. கரைசலுக்குள் நிகழும் ஆய்வு இது.

"இதனால் நமக்கென்ன?" என்று கேட்கிறீர்களா? நம் இரத்தத்தைப் பாருங்கள். ஹீமோகுளோபினின் நான்கு புரதச் சங்கிலிகளும் தாமாகவே கூடிப் பொருந்தியவைதாம். பீட்டா சங்கிலியில் ஓர் அமினோ அமிலம் மாறிப்போனால், ஒட்டும் தன்மையுள்ள முனையொன்று முளைக்கிறது. ஆக்ஸிஜன் குறையும்போது அது பக்கத்து ஹீமோகுளோபினின் குழியில் போய்ச் செருகிக்கொள்கிறது. வேண்டாத பிளக், வேண்டாத சாக்கெட்! மூலக்கூறுகள் சங்கிலியாய் நீள, சிவப்பணு அரிவாளாய் வளைந்து நுண்குழாய்களை அடைக்கிறது. உயிரையே உலுக்கும் வலி. இதுவே அரிவாள் செல் சோகை. நம் நீலகிரிப் பழங்குடி மக்களிடையே இது இருப்பது 1952இலேயே கண்டறியப்பட்டது. இந்நோயை 2047க்குள் ஒழிக்கும் இலக்குடன் மத்திய அரசு 2023இல் ஓர் இயக்கத்தைத் தொடங்கியுள்ளது.

தாய், தந்தை இருவரும் இக்குறையைச் சுமப்பவர்களாயின், ஒவ்வொரு பிரசவத்திலும் குழந்தைக்கு நோய் வர நாலில் ஒரு வாய்ப்புண்டு. ஒருவர் மட்டும் சுமப்பவராயின் நோய் வராது. ஆகவே, குடும்பத்தில் எவருக்கேனும் இந்நோய் இருந்தால், நிச்சயதார்த்தத்துக்கு முன்பே இருதரப்பும் இரத்தப் பரிசோதனை செய்துகொள்வது நலம். இதில் வெட்கத்துக்கு இடமில்லை.

நகை பொருந்துகிறதா, சேலை பொருந்துகிறதா என்று பத்துமுறை பார்க்கிறோம். இரத்தம் பொருந்துகிறதா என்றும் ஒருமுறை பார்த்துவிடலாமே!