ஏரிக்கு நிலம் கொடுத்த ஊருக்கு யார் ஈடு கொடுப்பது?

குடுமியான்மலைக்கு வருகிறவர்கள் இசைக் கல்வெட்டைப் பார்த்துவிட்டுத் திரும்பிவிடுகிறார்கள். அதே கோயிலில் நூற்றுக்கும் மேற்பட்ட கல்வெட்டுகள் உள்ளன. அவற்றில் பல, நிலம், நீர், வரி பற்றிய கணக்குகள். வரி இல்லாத நிலத்துக்கு அன்று 'இறையிலி' என்று பெயர்.

தஞ்சைப் பெரிய கோயிலில் உள்ள ராஜராஜன் காலக் கல்வெட்டு இன்னும் வெளிப்படையானது. வரிக் கணக்கிலிருந்து கழிக்க வேண்டிய நிலங்களை அது ஊர்வாரியாக அடுக்குகிறது: ஊர்நத்தம், கோயில், குளம், ஊரை ஊடறுத்துப் போகும் வாய்க்கால், பறைச்சேரி, சுடுகாடு. குளமும் சேரியும் ஒரே பட்டியலில்!

அது பொற்காலம் அல்ல. சேரி அன்றும் ஊருக்கு வெளியேதான் இருந்தது. ஆனாலும் அந்தக் காலத்துக்கு ஒரு கணக்கு தெரிந்திருந்தது. குளம் வரி தராது, ஆனால் குளத்துக்குச் செலவு உண்டு. அதற்காகவே 'ஏரிப்பட்டி' என்று தனி நிலம் ஒதுக்கினார்கள். பின்னாளில் மடை திறந்து நீர் பாய்ச்சிய நீர்க்கட்டிகளுக்கு நெல் அளந்தார்கள். அவர்களில் பலர் நம் மக்கள்.

இன்று அந்தக் கணக்கு எங்கே போனது?

ஓர் ஊராட்சியின் சொந்த வருமானம் எதிலிருந்து வருகிறது? வீட்டு வரி, நிலவரியோடு சேர்ந்த தலவரி, பத்திரப்பதிவில் கிடைக்கும் பங்கு, கட்டட அனுமதிக் கட்டணம். நீர்த்தேக்கத்தின் அடியில் வீடு இல்லை, பத்திரப்பதிவு இல்லை, கட்டடமும் இல்லை. ஏரியையும் வரத்து வாரியையும் மேல்மடைக் காட்டையும் காப்பாற்றும் ஊர், காப்பாற்றுவதாலேயே ஏழையாகிறது. பைப் வழியாகத் தண்ணீர் வாங்கும் நகரம் அந்த ஊருக்கு ஆண்டுதோறும் ஒரு பைசாகூடத் தருவதில்லை.

திருவள்ளூர் மாவட்டத்துக்குப் போவோம். தேர்வாய்கண்டிகை, தலித் மக்கள் பெரும்பான்மையாக வாழும் ஊர். தங்கள் மேய்க்கால் நிலத்தை சிப்காட்டுக்கு எடுக்கக் கூடாது என்று போராடிய ஊர். அங்கும் பக்கத்துக் கண்ணன்கோட்டையிலும் இருந்த ஏரிகளை இணைத்து, சென்னைக் குடிநீருக்காக ஒரு நீர்த்தேக்கம் கட்டினார்கள். 2020 நவம்பர் 21 அன்று திறந்தார்கள். கொள்ளளவு 500 மில்லியன் கன அடி.

நிலம் எடுத்தபோது இழப்பீடு தரவில்லையா என்று கேட்பார்கள். இழப்பீடு ஒருமுறை வருவது, பெரும்பாலும் பட்டாதாருக்குப் போவது. 2013ஆம் ஆண்டு நிலமெடுப்புச் சட்டம் கூலி விவசாயிகளையும் பாதிக்கப்பட்டவர்களாகச் சேர்த்தது, அது நல்லதே. ஆனால் புறம்போக்கில் மாடு மேய்த்தவளுக்கு எந்த ஆவணம் சாட்சி? ஊராட்சி ஆண்டாண்டுக்கும் இழக்கும் வருமானத்துக்கு எந்தச் சட்டம் ஈடு தருகிறது?

வெளியே பாருங்கள். அமெரிக்காவில் பாஸ்டன் நகரின் தண்ணீருக்காகக் குவாபின் நீர்த்தேக்கம் கட்டியபோது, 1938இல் நான்கு ஊர்களைச் சட்டப்படி கலைத்தார்கள். அந்த அநியாயத்தை யாரும் திருப்ப முடியாது. ஆனால் நீர்ப்பிடிப்பு நிலம் உள்ள சுற்று ஊர்களுக்கு, வரிக்குப் பதிலாக ஆண்டுதோறும் மாசசூசெட்ஸ் மாநிலம் பணம் கொடுக்கிறது. நியூயார்க் மாநகரம் கேட்ஸ்கில் மலைப்பகுதியில் தண்ணீருக்காக வாங்கி வைத்திருக்கும் நிலத்துக்கு, அங்குள்ள ஊர்களுக்கே சொத்து வரி கட்டுகிறது.

இந்தியாவிலும் இந்த நியாயம் புதிதல்ல. ஒன்றிய அரசின் சொத்துக்கு வரி போட அரசமைப்புச் சட்டத்தின் 285ஆவது பிரிவு தடை விதிக்கிறது. ஆனாலும் ராஜ்கோட் மாநகராட்சி வழக்கில் 2009இல் உச்ச நீதிமன்றம் பிறப்பித்த உத்தரவுக்குப் பின், சொத்து வரியில் மூன்றில் ஒரு பங்கு முதல் 75 சதவீதம் வரை சேவைக் கட்டணமாகத் தர வேண்டும் என்று ஆனது. 15ஆவது நிதிக்குழு, மாநிலங்களுக்கு வரிப் பங்கைப் பிரிக்கும்போது காட்டுக்கும் சூழலுக்கும் 10 சதவீத எடை கொடுத்தது. காடு காக்கும் மாநிலத்துக்கு டெல்லி ஈடு தரலாம் என்றால், ஏரி காக்கும் ஊராட்சிக்குச் சென்னைக் கோட்டை ஏன் தரக் கூடாது?

எப்படிக் கணக்கிடுவது? நிலவரியை வைத்துக் கணக்கிட்டால் சில்லறைதான் மிஞ்சும். தண்ணீரை வைத்துக் கணக்கிட வேண்டும். 500 மில்லியன் கன அடி என்பது சுமார் 1.4 கோடி கிலோலிட்டர். ஆயிரம் லிட்டருக்குப் பத்துப் பைசா என்று வைத்தாலும், ஏரி ஒருமுறை நிறைந்தால் 14 லட்சம் ரூபாய். தண்ணீர் வாங்குகிற ஏழையின் தலையில் இதைக் கட்ட வேண்டியதில்லை. தொழிற்சாலையிடமும் பெரிய வணிக வளாகத்திடமும் வசூலிக்கலாம். புதுக்கோட்டை நகரமே குழாய் வழியாகக் காவிரி நீரைக் குடிக்கிறது. எனவே இந்த நியாயம் நம்மையும் கட்டும். கட்டட்டும்.

ஆனால் தோழர்களே, பணம் ஊராட்சிக் கணக்கில் விழுந்துவிட்டால் சேரிக்கு வந்துவிடுமா? குடுமியான்மலை இருக்கும் அன்னவாசல் ஒன்றியத்தில்தான் வேங்கைவயலும் இருக்கிறது. 2022 டிசம்பரில் தலித் மக்கள் குடிக்கும் மேல்நிலைத் தொட்டியில் மலத்தைக் கலந்தார்கள். 2025 ஜனவரியில் சிபிசிஐடி தாக்கல் செய்த குற்றப்பத்திரிகை, அதே தலித் குடியிருப்பைச் சேர்ந்த மூவரைக் குற்றவாளிகள் என்றது. பாதிக்கப்பட்ட மக்கள் அதை ஏற்கவில்லை. ஒரே ஊராட்சிக்குள் தண்ணீரே சமமாக ஓடாதபோது, தண்ணீருக்கான பணம் மட்டும் சமமாக ஓடிவிடாது.

ஆகவே நம் கோரிக்கைக்கு இரண்டு பாதிகள் உண்டு. முதல் பாதி, பொதுக் குடிநீருக்காக நிலம் விட்ட ஒவ்வோர் ஊராட்சிக்கும் ஆண்டுதோறும் ஈட்டுத்தொகை. இரண்டாம் பாதி, அதில் தலித் மக்கள்தொகை விகிதத்துக்குக் குறையாத பங்கைத் தனிக் கணக்கில் வைத்து, சேரியின் குடிநீருக்கும் நிலமற்றோரின் நிலத்துக்கும் செலவிடுவது. விகிதாச்சாரப் பங்கு என்ற கொள்கையை, ஆதிதிராவிடர் பழங்குடியினர் மேம்பாட்டுச் செயல்திட்டச் சட்டமாக 2024இல் தமிழ்நாடு சட்டமன்றமே ஏற்றிருக்கிறது. இரண்டாம் பாதி இல்லாத முதல் பாதி, ஊர்க்காரருக்கு இன்னொரு ஏரிப்பட்டி.

மாணவர்கள் இப்போதே தொடங்கக்கூடிய வேலை இருக்கிறது. உங்கள் ஊராட்சியில் ஏரி, வாரி, காடு, அரசுப் பண்ணை என எத்தனை ஏக்கர், அவற்றால் ஊராட்சிக்கு வரும் வருமானம் எவ்வளவு என்று தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மனுப் போடுங்கள். பதிலோடு மார்ச் 22, உலகத் தண்ணீர் தினக் கிராம சபைக்குப் போங்கள். தீர்மானம் எழுதும் பேனா சேரியிலிருந்து வந்தவர் கையில் இருக்கட்டும்.

ஜெய் பீம்.