கிளி எடுத்த சீட்டு

உங்களுக்கு ஜோஸ்யத்தில் நம்பிக்கை உண்டா? அவசரப்பட்டு, "அதெல்லாம் கிடையாது" என்று சொல்லிவிடாதீர்கள். பிள்ளை பரீட்சைக்குப் புறப்படும்போது, "இந்தத் தடவை கணக்கில் தொண்ணூறுக்குக் குறையாது" என்று சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா? பெண் பார்க்க வந்தவர்கள் படியிறங்கிய மறு நிமிஷமே, "இந்த இடம் நிச்சயம் குதிர்ந்துவிடும்" என்று அடுக்களையில் அபிப்பிராயம் சொல்லியிருக்கிறீர்கள் அல்லவா? அதுவும் ஆரூடந்தான். கிளியும் கூண்டும் இல்லாத ஆரூடம்!

ஆனால் இந்த வித்தையில் நாமெல்லாம் வெறும் கற்றுக்குட்டிகள். மகா பண்டிதர்களைப் பார்க்க வேண்டுமானால், உலகக் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டம் ஆரம்பமாவதற்கு இரண்டு மணி நேரம் முன்னதாக, பையன்கள் நிறைந்த ஒரு வீட்டுக்குள் நுழைய வேண்டும். நான் நுழைந்தேன். 2022-ஆம் வருஷம் டிசம்பர் 18, ஞாயிற்றுக்கிழமை. மார்கழி பிறந்து மூன்றாம் நாள். இடம், காரைக்குடிக்குப் பக்கத்திலுள்ள அமராவதிபுதூர்.

அது என் கல்லூரித் தோழியின் பூர்விக வீடு. செட்டிநாட்டு வீடுகளைப் பற்றி உங்களுக்குத் தெரியாததல்ல. முகப்பு, வளவு, இரண்டாங்கட்டு என்று போய்க்கொண்டே இருக்கும். ஆனால் வருஷத்தில் முக்கால்வாசி நாள் அந்த வீட்டில் இருப்பது தோழியின் அப்பத்தாவும், ஒத்தாசைக்கு ஓர் அம்மாளுந்தான். அன்றைக்கோ சிங்கப்பூரிலிருந்து உறவுக் குடும்பம் ஒன்று விடுமுறைக்கு வந்திருந்தது. அவர்களைப் பார்க்கச் சென்னையிலிருந்தும் மதுரையிலிருந்தும் சொந்தங்கள் வந்திருந்தார்கள். வளவுத் தாழ்வாரத்தில் டெலிவிஷனை வைத்து, அதற்கு முன்னால் ஜமக்காளத்தை விரித்தாகிவிட்டது. அர்ஜென்டினாவுக்கும் பிரான்ஸுக்கும் ஆட்டம்.

"அர்ஜென்டினாதான். மெஸ்ஸிக்கு இதுதான் கடைசி உலகக் கோப்பை. ஜெயிக்காமல் விடமாட்டார்" என்றான் ஒரு பையன்.

"போடா, முதல் ஆட்டத்திலேயே சவூதி அரேபியாவிடம் தோற்றவர்கள் அவர்கள். பிரான்ஸ் 2018-லேயே கோப்பை வாங்கிய கோஷ்டி. எம்பாப்பே ஓட ஆரம்பித்தால் யார் பிடிப்பது?" என்றான் இன்னொருவன்.

பத்து வயதுப் பெண் ஒருத்தியும் அர்ஜென்டினா பக்கந்தான். அந்தச் சட்டையின் ஆகாய நீலம் அழகாயிருக்கிறதாம்! அவள் காரணம் மற்றவர்களுடைய காரணங்களைவிட எந்த விதத்திலும் மட்டம் என்று எனக்குத் தோன்றவில்லை.

ஆளுக்கொரு துண்டுக் காகிதத்தில் எத்தனை கோல் என்று எழுதி, எவர்சில்வர் சம்புடத்தில் போட்டார்கள். சரியாகச் சொன்னவருக்கு முதல் ஈட்டுக் குழிப்பணியாரம். தப்பாகச் சொன்னவர்கள் பாத்திரம் தேய்க்க வேண்டும். இதுதான் பந்தயம்.

"ஆச்சி, நீங்கள் யார் பக்கம்?" என்று கேட்டேன்.

"எனக்கு என்ன ஆத்தா தெரியும்? ரெண்டு வீட்டுப் பிள்ளைகளும் நல்லா ஆடட்டும். நீங்க எல்லாரும் முதல்ல சாப்பிட்டுட்டு உக்காருங்க. இது சீக்கிரம் முடியிற ஆட்டமாத் தெரியலை" என்றார் ஆச்சி.

ஒரே ஒருவன் மட்டும் சீட்டு எழுதவில்லை. தோழியின் சித்தப்பா மகன். இன்ஜினீயரிங் மூன்றாவது வருஷம். "எனக்கு வேண்டாம்" என்று சொல்லிவிட்டுத் தூணோரமாய் உட்கார்ந்து செல்போனையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்போது நான் அதைப் பெரிதாய் நினைக்கவில்லை.

சிங்கப்பூர்க்காரர் ஒரு கதை சொன்னார். கதையல்ல, நடந்த சங்கதி. 2010-ஆம் வருஷம் உலகக் கோப்பை சமயத்தில், சிங்கப்பூர் லிட்டில் இந்தியாவில் நம் தமிழர் ஒருவர் கிளி ஜோஸ்யம் பார்த்துக்கொண்டிருந்தார். அவர் கிளிக்குப் பெயர் மணி. கால் இறுதி ஆட்டங்கள் நான்கிலும் எந்த நாடு ஜெயிக்கும் என்று அந்தக் கிளி சீட்டு எடுத்தது. நான்கும் பலித்துவிட்டன! அரை இறுதியில் ஜெர்மனியை ஸ்பெயின் ஜெயிக்கும் என்று எடுத்தது, அதுவும் பலித்தது. அவ்வளவுதான், உலகத்துப் பத்திரிகைகளெல்லாம் கூண்டைத் தேடி வந்துவிட்டன. இறுதி ஆட்டத்துக்கு மணி எடுத்தது நெதர்லாந்துச் சீட்டு. ஜெயித்ததோ ஸ்பெயின், ஒன்றுக்குச் சைபர் என்ற கணக்கில்.

அதே சமயம் ஜெர்மனியில் ஓபர்ஹவுசன் நகரத்து மீன் காட்சிசாலையில் பால் என்ற எட்டுக்கால் கணவாய் ஒன்று இருந்தது. இரண்டு பெட்டிகளில் இரையை வைத்து, மேலே இரு நாட்டுக் கொடிகளை ஒட்டி இறக்குவார்கள். அது எந்தப் பெட்டியைத் திறக்கிறதோ அந்த நாடு ஜெயிக்கும் என்று கணக்கு. எட்டு ஆட்டம், எட்டும் சரி! ஜெர்மனி அரை இறுதியில் தோற்குமென்று அது சொல்லி, அப்படியே நடந்தும்விட்டபோது, அந்தக் கணவாயைச் சமைத்துச் சாப்பிட்டுவிடலாம் என்றுகூடச் சிலர் சொன்னார்களாம்.

இதில் மாயமென்ன, மந்திரமென்ன? காசைச் சுண்டினால் பூவா தலையா என்று ஒரு தடவை சரியாகச் சொல்வது இரண்டில் ஒரு பங்கு. எட்டுத் தடவை தொடர்ந்து சரியாகச் சொல்வது 256-இல் ஒரு பங்கு. உலகமெங்கும் கிளியும் ஆமையும் யானையும் ஆரூடம் சொல்லிக்கொண்டிருக்கும்போது, ஏதோ ஒன்றுக்கு எட்டும் பலிப்பதில் ஆச்சரியமில்லை. பலித்ததைப் பத்திரிகையில் போடுகிறோம். பலிக்காத 255-ஐ யார் போடுகிறார்கள்?

'மிருகங்களை விடுங்கள், விஷயம் தெரிந்த மனிதர்கள் சொன்னால்?' என்று கேட்பீர்கள். அதற்கும் ஒரு பழைய சம்பவம் இருக்கிறது.

1950-ஆம் வருஷம் ஜூலை 16. பிரேஸில் தேசத்து ரியோ டி ஜெனீரோவில் மரக்கானா மைதானம். பிரேஸிலுக்கும் உருகுவேக்கும் ஆட்டம். பிரேஸில் ஜெயிக்கக்கூட வேண்டியதில்லை. சமமாக முடித்தாலே கோப்பை அவர்களுக்கு. ஸ்வீடனை 7-1, ஸ்பெயினை 6-1 என்று துவம்சம் செய்துவிட்டு வந்தவர்கள் அவர்கள். ஆட்டம் நடப்பதற்கு முன்பே, 'இவர்களே உலக சாம்பியன்கள்' என்று ஒரு பத்திரிகை படம் போட்டுவிட்டது. நகரத்து மேயர் மைதானத்திலேயே வெற்றி வீரர்களை வாழ்த்துவதுபோல் பிரசங்கம் செய்தார். 1,70,000-க்கும் அதிகமான ஜனங்கள் காத்திருந்தார்கள். முதல் கோலும் பிரேஸிலே போட்டது. பிறகு உருகுவே ஒன்று போட்டது. ஆட்டம் முடியப் பதினொரு நிமிஷம் இருக்கையில் இன்னொன்றும் போட்டுவிட்டது. அத்தனை பெரிய மைதானத்தில் மூச்சுக் காற்றுகூடக் கேட்கவில்லையாம்.

படம் போட்ட பத்திரிகை மறுநாளும் வெளிவந்தது. மேயருக்கும் ஒன்றும் நஷ்டமில்லை. நஷ்டப்பட்டவர் பார்போஸா என்ற கோல்கீப்பர். அந்த இரண்டாவது கோலை விட்டுவிட்டார் என்ற பழியை, 2000-ஆம் வருஷம் கண்ணை மூடும் வரை, ஐம்பது வருஷ காலம் அவர் சுமந்தார். ஆரூடம் சொன்னவர்கள் ஊரார். அது பொய்த்ததற்குத் தண்டம் கட்டியவர் ஒரு தனி மனிதர்!

நல்ல பக்கமாகவும் ஆரூடம் பொய்ப்பதுண்டு. 1962-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டில் நம் இந்தியக் கோஷ்டி முதல் ஆட்டத்திலேயே தென் கொரியாவிடம் 2-0 என்று தோற்றது. இறுதி ஆட்டத்தில் மறுபடி அதே தென் கொரியா. ஜனக் கூட்டமோ நமக்கு விரோதம். அன்றைக்கு யாராவது நம் பக்கம் பணயம் வைத்திருப்பார்களா? ஆனால் தலையில் தையல் போட்ட ஜர்னெயில் சிங்கும் பி.கே. பானர்ஜியும் ஆளுக்கொரு கோல் போட்டு, 2-1 என்று தங்கப் பதக்கத்தை வாங்கிவிட்டார்கள்.

சரி, அமராவதிபுதூருக்குத் திரும்புவோம். ராத்திரி எட்டரை மணிக்கு ஆட்டம் ஆரம்பித்தது. பாதி ஆட்டத்துக்குள் அர்ஜென்டினா இரண்டு கோல். வளவே அதிர்ந்தது. எழுபத்தொன்பது நிமிஷம் வரை அதே கணக்கு. தற்செயலாய்த் தூணோரம் பார்த்தேன். அந்தப் பையனின் முகத்தில் ரத்தமே இல்லை.

எண்பதாவது நிமிஷம் எம்பாப்பே ஒரு கோல். அடுத்த நிமிஷமே இன்னொன்று! பையன் எழுந்து நின்று, இரண்டு கையாலும் முகத்தைப் பொத்திக்கொண்டான். சந்தோஷப்படுகிறவன் அப்படி அழுது நான் பார்த்ததில்லை. ஆட்டம் நீண்டது. மெஸ்ஸி ஒன்று, எம்பாப்பே மறுபடி ஒன்று, மூன்றுக்கு மூன்று. கடைசியில் பெனால்டி உதைகளில் 4-2 என்று அர்ஜென்டினாவுக்குக் கோப்பை. மணி பதினொன்றரை ஆகியிருந்தது. சம்புடத்தைத் திறந்து பார்த்தால், மூன்றுக்கு மூன்று என்று ஒருவர்கூட எழுதவில்லை. அன்றைக்கு அச்சாகப் பலித்தது, 'சீக்கிரம் முடியாது' என்ற ஆச்சியின் வாக்கு ஒன்றுதான்.

எல்லோரும் சிரித்துக்கொண்டே பாத்திரம் தேய்க்கப் போனார்கள். பையனைக் காணோம். இரண்டாங்கட்டு இருட்டில் உட்கார்ந்திருந்தான். ஆச்சி போய்ப் பக்கத்தில் உட்கார்ந்தார்.

"எவ்வளவுய்யா வச்சே?" என்றார். வேறொன்றும் கேட்கவில்லை.

பதினெட்டாயிரம். ஹாஸ்டலுக்குக் கட்ட வேண்டிய பணம். செல்போனில் ஆடும் பந்தயம். முதலில் இருநூறு ரூபாய் வைத்தானாம், ஜெயித்தானாம். பிறகு ஐந்நூறு, அதுவும் ஜெயித்தானாம். 'நமக்கு ஆட்டத்தைப் பற்றித் தெரிகிறது' என்று நினைத்துவிட்டான்.

"உங்களுக்கு எப்படித் தெரிந்தது ஆச்சி?" என்று பிறகு கேட்டேன்.

"மத்த பிள்ளைகள் ஆட்டத்தைப் பார்த்தாக. இவன் ஆட்டத்தைப் பார்க்கலையே ஆத்தா, காசையில்ல பார்த்தான்" என்றார்.

இந்தப் பந்தயக் கடையின் சூட்சுமத்தை வீட்டுக் கணக்காகவே சொல்கிறேன், கேளுங்கள். ஆயிரம் பேர் ஒரு பக்கம், ஆயிரம் பேர் மறுபக்கம், தலைக்கு 100 ரூபாய் வைக்கிறார்கள் என்று வைத்துக்கொள்ளுங்கள். வசூல் 2,00,000. ஜெயித்த ஆயிரம் பேருக்குத் தலைக்கு 190 வீதம் கடைக்காரர் கொடுத்துவிடுகிறார். அது 1,90,000. மீதி பத்தாயிரம் அவர் பெட்டியில். மெஸ்ஸி ஜெயித்தால் என்ன, எம்பாப்பே ஜெயித்தால் என்ன? ஆரூடமே சொல்லாமல் எல்லா ஆட்டத்திலும் ஜெயிக்கிறவர் அவர் ஒருவர்தான். இப்போது சட்டம் வந்திருக்கிறது. 2023-இல் நம் ராஜ்யத்திலும், 2025-இல் தேசம் முழுமைக்கும், செல்போனில் பணம் வைத்துச் சூதாடுவதைத் தடை செய்திருக்கிறார்கள். நல்லதுதான். ஆனால் சட்டம் நம் வீட்டுத் தூணோரத்தில் வந்து உட்கார்ந்து பையனின் முகத்தைப் பார்க்காது. அதை நாம்தான் பார்க்க வேண்டும்.

அந்தப் பதினெட்டாயிரத்தை யார் கட்டினார்கள் என்று கேட்கிறீர்களா? வேறு யார், தாயார்தான். இரண்டு வளையல்கள் காரைக்குடியில் அடகுக்குப் போயின. "அவனே கொண்டுபோய் வைக்கட்டும், அவனே மீட்டுக் கொண்டு வரட்டும்" என்று ஆச்சி கண்டிப்பாய்ச் சொல்லிவிட்டார். லீவு நாட்களிலும் சாயங்காலங்களிலும் பக்கத்துப் பிள்ளைகளுக்குக் கணக்குச் சொல்லிக்கொடுத்து, வட்டியும் முதலுமாய் அவன் கட்டி முடிக்கப் பதினான்கு மாதம் ஆயிற்று.

ஆகவே சகோதரிகளே, வீட்டில் பிள்ளைகள் ஆரூடம் சொன்னால் தடுக்காதீர்கள். நீங்களும் சேர்ந்து ஒரு சீட்டு எழுதிப் போடுங்கள். எந்தக் கோஷ்டி ஜெயிக்கும் என்று சொல்கிறவன் உண்மையில் சொல்வது, எந்தக் கோஷ்டியின் மேல் தனக்குப் பிரியம் என்பதைத்தான். பிரியத்துக்குக் காரணம் கேட்கலாமா? ஆனால் ஒரு கேள்வியை மட்டும் மறக்காமல் கேட்டு வையுங்கள்: "சரியப்பா, தப்பிப் போனால் தண்டம் யார் கட்டுவது?" சொன்னவனே பாத்திரம் தேய்ப்பதாயிருந்தால், அது விளையாட்டு. வேறொருத்தியின் கை வளையல் கழல்வதாயிருந்தால், அதற்குப் பெயர் வேறு.

2024-ஆம் வருஷம் ஜூலையில் ஐரோப்பியக் கோப்பை இறுதி ஆட்டம் வந்தது. ஸ்பெயினுக்கும் இங்கிலாந்துக்கும். நம் ஊரில் நடுநிசி தாண்டித்தான் ஆரம்பம். அமராவதிபுதூர் வீட்டில் மறுபடி சம்புடம் வந்ததாம். இந்தத் தடவை அந்தப் பையனும் சீட்டு எழுதினான் என்று தோழி சொன்னாள். இங்கிலாந்து ஜெயிக்கும் என்று எழுதியிருந்தானாம். ஜெயித்தது ஸ்பெயின்.

விடியற்காலையில், சிரித்துக்கொண்டே, அத்தனை பாத்திரத்தையும் அவன்தான் தேய்த்தானாம்.