டீசல் காரும் வரிக் கணக்கும்



பிரான்சில் 2012-இல் விற்ற புதிய கார்களில் பத்துக்கு ஏழு டீசல். அமெரிக்காவில் நூற்றுக்கு ஐந்துகூட இல்லை. எஞ்சின் ஒன்றுதான், வரிதான் வேறு. பிரான்சு டீசலுக்கு வரியைக் குறைத்து வைத்தது. அமெரிக்க மத்திய அரசோ கேலனுக்குப் பெட்ரோலுக்கு 18.4 சென்ட், டீசலுக்கு 24.4 சென்ட் வாங்குகிறது. நம் நாட்டிலும் 2014 அக்டோபரில் டீசல் விலைக் கட்டுப்பாடு நீங்கி, விலை வித்தியாசம் சுருங்கச் சுருங்க டீசல் கார் மோகம் தணிந்தது.

ஆக, 'மக்கள் விருப்பம்' என்பது பாதி உண்மைதான். சலுகை தந்த பிரான்சிலேயே பின்னர் பாரிசுக்குள் பழைய டீசல் கார் நுழையத் தடை வந்தது. நஷ்டம் வாங்கியவருக்கு; புகை குழந்தைகளுக்கு.

மின்சாரக் கார் வாங்கப்போகும் பிள்ளைகளே, சலுகை போனாலும் கட்டுப்படியாகுமா என்று கணக்குப் போட்டுவிட்டு வாங்குங்கள்.