பெருஞ்சட்ட நிறுவனங்களின் வளர்ச்சியும் தோட்டத் தொழிலாளரும்: எமது நிலைப்பாடு

கொழும்பின் பழம்பெரும் சட்ட நிறுவனங்கள் சர்வதேச வியாபாரத்துக்கேற்ப விருத்தியடைவதையும், அந்நிய நாட்டுச் சட்ட நிறுவனங்கள் இங்கு கிளை பரப்ப இடந்தருவதையும் மலையக மக்கள் ஆதரிப்பதா, எதிர்ப்பதா என்னும் கேள்வி வட்டகொடையில் கூடும் எமது சங்கத்தின் முன் வைக்கப்பட்டது. மலைச்சரிவில் கொழுந்து பறிப்பவளுக்கும் கொழும்புக் கோட்டையின் மாடிக் கட்டடங்களில் நடைபெறும் அலுவலுக்கும் என்ன சம்பந்தம் என்று சிலர் வினவினர். அந்தச் சம்பந்தத்தைத் தேயிலையின் சரித்திரமே எடுத்துரைக்கும்.

உறுதி காட்ட இயலாத காட்டு நிலமும் தரிசு நிலமும் முடிக்குரியன என்று கொள்ள 1840-ஆம் ஆண்டின் 12-ஆம் இலக்கச் சட்டம் வழிவகுத்து, அந்நிலங்கள் கோப்பித் துரைமார் கைக்கு விலையாகிப் போய்க்கொண்டிருந்த காலத்திலேதான், 1841-இல், இந்நாட்டின் மிகப் பழைய சட்ட நிறுவனமாகிய எஃப். ஜே. அண்ட் ஜி. டி சேரம் தோன்றியது. பின்னர், கோப்பியை நோய் அழிக்க, 1867-இல் லூல்கந்துரையில் ஜேம்ஸ் டெயிலர் 19 ஏக்கரில் பயிரிட்ட தேயிலை மலைநாட்டில் வேரூன்றத் தொடங்கிய தருணத்தில், 1879-இல், ஜூலியஸ் அண்ட் கிரீசி பிறந்தது. நிலம் கைமாற உறுதி முடிக்கவும், லண்டனில் மூலதனம் திரட்டிய கம்பெனிகளின் உரிமையை இங்கு ஸ்திரப்படுத்தவும், ஈடும் மரணசாசனமும் எழுதவும் நொத்தாரிசும் புறக்டரும் இன்றியமையாதவராக இருந்தமையால், தோட்டம் பெருகப் பெருகச் சட்டத்தொழிலும் பெருகியது. அவ்விரு நிறுவனங்களும் நூறாண்டு கடந்து இன்றும் நிலைத்து நிற்பதை நாம் குறைத்து மதிப்பிடவில்லை.

ஆனால் அதே சட்டம் எங்கள் முன்னோரிடம் எவ்வுருவில் வந்து சேர்ந்தது? 1865-ஆம் ஆண்டின் 11-ஆம் இலக்கச் சேவை ஒப்பந்தச் சட்டம், சொல்லாமல் வேலையை விட்டு நீங்கியவனைச் சிறைக்கு அனுப்பியது. கடனைத் தீர்த்தாலன்றி ஒருவன் வேறு தோட்டத்தில் பெயர் பதிய முடியாதபடி பிணித்த துண்டு முறை 1921 வரை நீடித்தது. எங்கள் அயலிலுள்ள மடக்கும்புரத் தோட்டத்திலே பிறந்த சி. வி. வேலுப்பிள்ளையை 1947-இல் தலவாக்கலைத் தொகுதி பாராளுமன்றத்துக்கு அனுப்பிற்று. ஆயினும், 1948-இன் பிரஜாவுரிமைச் சட்டமும் மறு ஆண்டின் தேர்தல் திருத்தச் சட்டமும் தோட்டமக்களுள் மிகப் பலரை வாக்காளர் இடாப்பிலிருந்தே நீக்கிவிட்டன. அதை எதிர்த்த கோடகன்பிள்ளை வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை சென்று, 1953-இல் தோல்வியில் முடிந்தது.

எனினும், சட்டத்தொழில் எளியோர் பக்கம் நிற்க வல்லதன்று என்று கூறுவது நன்றி மறத்தலாகும். தொழிலாளருக்காகப் பேசிய பிரேஸ்கேர்டலை நாடுகடத்தும்படி கவர்னர் பிறப்பித்த ஆணையை, 1937-இல் எச். வி. பெரேராவின் வாதத்தைக் கேட்ட உயர்நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. கோ. நடேசய்யரோ, தொழிலாளர் சட்டத்தைத் தமிழிலேயே நூலாக்கித் தந்தார். சட்டம் தோட்டத்துக்கு வந்தது அரிதாயினும், வந்தபோது அதன் பயன் பெரிதாயிருந்தது.

ஆதலின், இந்நிறுவனங்களின் வளர்ச்சியை நாம் எதிர்க்கவில்லை. நிபந்தனையின்றி வரவேற்கவும் இல்லை. அயல்நாடாகிய இந்தியாவில் இவ்விவாதம் 2012-இல் சென்னை உயர்நீதிமன்றத்திலும் 2018-இல் உச்சநீதிமன்றத்திலும் ஆராயப்பட்டு, 2023-இல் பரஸ்பர அடிப்படையில் அந்நிய நிறுவனங்களுக்கு இடந்தரும் விதிகளாக முடிந்தது. வழக்கறிஞரின் தொழிலும் கம்பெனிகளின் வசதியும் அங்கே முதலிடம் பெற்றன. இங்கே அத்தகைய விதிகள் எழுதப்படுமாயின், சட்டத்தரணியின் வாசற்படியையே மிதித்தறியாத மக்களும் கணக்கில் கொள்ளப்படவேண்டும் என்பதே எமது நிலைப்பாடு. அதன்பொருட்டு மூன்று கோரிக்கைகளை முன்வைக்கிறோம்.

முதலாவதாக, வீடு, காணி, சேவை, சேமலாப நிதி ஆகியவை பற்றித் தொழிலாளி கையொப்பமிடும் எப்பத்திரமும் தமிழில் எழுதப்பெற்று, வாசித்துக் காட்டப்பெற்ற பின்னரே செல்லுபடியாக வேண்டும்.

இரண்டாவதாக, 1978-ஆம் ஆண்டின் 27-ஆம் இலக்கச் சட்டத்தால் அமைந்த சட்ட உதவி ஆணைக்குழு, தமிழறிந்த சட்டத்தரணிகளுடன் ஞாயிற்றுக்கிழமைகளில் தோட்டங்களுக்கே வரவேண்டும்; ஒரு யோசனை கேட்பதற்காக நுவரெலியாவுக்குப் போய்வரும் பெண் அன்றைய பேரை, அதாவது அந்நாட் சம்பளத்தை, இழக்கிறாள்.

மூன்றாவதாக, தோட்டக் கம்பெனிகளின் அலுவலால் வருமானம் பெறும் நிறுவனங்கள், சுதேசமாயினும் விதேசமாயினும், ஒரு பொது நிதிக்கு ஆண்டுதோறும் பங்களிக்க வேண்டும். தமது கட்சிக்காரருக்கு எதிராக எங்களுக்காக வாதாடும்படி அவர்களை நாம் கேட்கவில்லை. அது தொழில் தர்மத்துக்கு விரோதமாகும். அக்காரணத்தினாலேயே அவர்களின் உழைப்பை அன்றி, சட்ட உதவி ஆணைக்குழுவின் பொறுப்பில் இருக்கவேண்டிய அந்நிதியைக் கேட்கிறோம். அதன் ஒரு பகுதி, லயத்துப் பிள்ளைகள் சட்டக் கல்லூரியில் பயில உபகாரச் சம்பளமாக வேண்டும்.

இந்த மலைகளுக்கு உறுதி எழுதியே சட்டத்தொழில் இந்நாட்டில் செழித்தது. ஆயினும், அம்மலைகளைத் திருத்திப் பயிராக்கியவர்களின் பேரப்பிள்ளைகளுள் எத்தனையோ பேர் தாம் வாழும் லயத்தின் ஒரு காம்பிராவுக்கும் உறுதியின்றி இருக்கின்றனர். அந்த உறுதி எழுதப்படும் நாளில், எழுதுகிறவர் எங்கள் பிள்ளைகளுள் ஒருவராக இருத்தல் வேண்டும்.

இங்ஙனம்,
நிர்வாக சபையார்,
வட்டகொடை.